ரயிலடிக் குழந்தைகள்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால், திருமண ஓலை எழுத வருவோரைவிடப் பள்ளிச் சேர்க்கைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவோரே பங்கு அலுவலகத்தில் மிகுதி. பெரம்பூரை அடுத்த ஒரு பங்கில் நான் பணியாற்றிய நாளில், காலைத் திருப்பலிக்குப் பின் இளந்தந்தை ஒருவர் தம் மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தார். சட்டையில் இயந்திர எண்ணெயின் வாடை. குழந்தைக்கு மூன்று வயது நிரம்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன. "ஃபாதர், பாப்பாவுக்கு எல்லாம் தெரியும், நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார். நான் கேட்பதற்கு முன்பே குழந்தை ஆங்கில எழுத்துகளை ஒப்பிக்கத் தொடங்கியது, பாதியில் நின்றுவிட்டது. மேசையின் விளிம்பில் ஊர்ந்த எறும்பு ஒன்று அதன் கண்ணில் பட்டிருந்தது. குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அந்த எறும்பு எங்கே போகிறது என்று பார்த்தபடியே நின்றது. தந்தையோ பதறி, "சொல்லும்மா, சொல்லு" என்று அதன் தோளைத் தொட்டு அசைத்தார்.

கடிதத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அன்று முழுவதும் வேறொரு நினைவு என்னை விட்டு அகலவில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஒரு பள்ளியின் தாளாளராக நான் மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருந்தேன். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் நிறங்களின் பெயரைக் கேட்டேன். விடை சொல்லாத குழந்தைகளின் பெயருக்கு எதிரே பெருக்கல் குறி இட்டேன். என் வெள்ளை அங்கியைக் கண்டு அழுத குழந்தைக்கும் அதே குறிதான். அவ்வாறு ஒதுக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்று வயதுக் குழந்தை எதைக் கற்க வேண்டும்? அதை எவ்வாறு திட்டமிடுவது? இன்று புதிதாக எழுந்த கேள்விகள் அல்ல இவை. இவற்றின் வரலாற்றைத் தேடிச் சென்றால், அந்த வழி பெரம்பூரில் தொடங்கி, எழும்பூர், ரோமாபுரி, அடையாறு, குஜராத் எனச் சுற்றி, மீண்டும் பெரம்பூருக்கே வந்து சேர்கிறது.

ஏழு வயது என்னும் எல்லை

1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. அந்தப் பாதையைத் தொடர்ந்து ரயில் பணிமனைகள் பெரம்பூருக்கு வந்தன. 1870-களின் இறுதியில் பக்கிங்காம் ஆலையும், அடுத்துக் கர்னாடிக் ஆலையும் எழுந்தன. கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, ஆலைச் சங்கின் ஒலிக்கு உறங்கப் பழகின.

அக்காலத்தில் இந்நாட்டின் சட்டம் குழந்தையை எவ்வாறு நோக்கியது? 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலைகளில் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. அதாவது, ஏழு வயது நிரம்பிய குழந்தை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை செய்யலாம்! 1891-இல் இவ்வெல்லை ஒன்பது வயதாகவும், 1922-இல் பன்னிரண்டாகவும் உயர்த்தப்பட்டது. பிற்காலத்தில் பெரம்பூர் ஆலை நிர்வாகம் அரைநாள் வேலை செய்த சிறுவர்களுக்கென்று பள்ளி ஒன்றையும் நடத்தியது. நல்ல முயற்சிதான். ஆயினும் வேலை செய்யும் வயதை எட்டிய பிறகே குழந்தை எவர் கண்ணிலும் பட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அது தெருவின் பிள்ளை, பாட்டியின் பிள்ளை, அக்காளின் இடுப்பில் இருந்த பிள்ளை.

ஏழு வயது என்னும் அதே எல்லையைத் திருச்சபையும் ஒருநாள் தொட்டது. முற்றிலும் வேறொரு நோக்கத்தோடு தொட்டது. 1910 ஆகஸ்டு 8 அன்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதரின் காலத்தில் வெளிவந்த ஆணை, ஏறத்தாழ ஏழு வயதில் பகுத்தறியும் பருவத்தை அடையும் குழந்தை புதுநன்மை வாங்கலாம் என்று அறிவித்தது. பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினான்கு வயது வரை பிள்ளைகளைக் காத்திருக்க வைத்த வழக்கம் இதனால் தளர்ந்தது. ஏழு வயதுப் பிள்ளையிடம் ஆலை தேடியது இரண்டு கைகளை. திருச்சபை கண்டது ஆண்டவரை அறிந்து ஏற்கவல்ல ஓர் ஆன்மாவை. ஆனால் ஏழு வயதில் இறைவனை அறிந்துகொள்ளும் உள்ளம் திடீரென்று ஒருநாள் காலையில் விழித்தெழுவதில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் அவ்வுள்ளம் எப்படி வளர்கிறது என்ற கேள்வி அப்படியே எஞ்சி நின்றது.

மணலில் ஊன்றிய விரல்

நம் முன்னோருக்கு இக்கேள்வி அறவே தோன்றவில்லை என்று கூறிவிட முடியாது. திண்ணைப் பள்ளிகளில் ஐந்து வயதளவில் சேர்க்கப்பட்ட பிள்ளை, முதலில் ஓலையையோ எழுத்தாணியையோ தொடவில்லை. தரையில் பரப்பிய மணலில் விரலை ஊன்றி, எழுத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, அதன் வடிவத்தை வரைந்தது. கண்ணும் காதும் வாயும் விரலும் ஒருங்கே எழுத்தைக் கற்றன. சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் இளையவர்களுக்குக் கற்பித்தான்.

1789 முதல் 1796 வரை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து ஆங்கிலிக்கக் குருவானவர், இந்த மணல் எழுத்தைக் கண்டு தம் இல்லத்திலும் புகுத்தினார். மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்தார். 1797-இல் இலண்டனில் அவர் இதைப் பற்றி நூல் வெளியிட, 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையின் மணல் கடல் கடந்தது.

ஆயினும் உண்மையை மறைக்கலாகாது. அத்திண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கவில்லை. சேரியின் குழந்தை அதன் படியேற முடியவில்லை. பிரம்பும் கோதண்டமும் அங்கே குறைவின்றி இருந்தன. முறை அழகானது, வாசலோ குறுகியது. இந்தக் குறையை இவ்வரலாற்றில் நாம் மீண்டும் சந்திப்போம்.

சான் லொரென்சோவில் ஒரு திருக்காட்சித் திருநாள்

ரோமாபுரியின் ரயில் பாதையை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு சான் லொரென்சோ. கட்டடத் தொழில் நொடித்ததால் அரைகுறையாக விடப்பட்ட அடுக்கு வீடுகளில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ஒரு நிறுவனம் அவ்வீடுகளைச் சீரமைத்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின், பள்ளி செல்லும் வயதடையாத பிள்ளைகள் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் அடைத்து வைக்க ஒருவர் தேவைப்பட்டார். அப்பொறுப்பு, 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றிருந்த மரியா மாண்டிசோரி அம்மையாரிடம் வந்தது. 1907 ஜனவரி 6 அன்று, ஆண்டவருடைய திருக்காட்சித் திருநாளில், ஏறத்தாழ 50 குழந்தைகளுடன் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. சுவரைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கிய ஏற்பாடு, உலகின் மழலையர் கல்வியையே மாற்றியது.

அம்மையார் கையில் ஆயத்தமான பாடத்திட்டம் இல்லை. அவர் குழந்தைகளைக் கூர்ந்து நோக்கினார். அவர்கள் எதை விரும்பி எடுக்கிறார்கள், எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், எந்த வேளையில் அவர்களது கவனம் ஆழ்கிறது என்பவற்றைக் குறித்துக்கொண்டார். அந்த நோக்கலிலிருந்தே பாடத்திட்டம் பிறந்தது. பொத்தான் மாட்டுதல், தண்ணீர் ஊற்றுதல், தரை துடைத்தல் போன்ற அன்றாட வேலைகள் முதலில். அடுத்து நிறம், ஒலி, எடை, வடிவம் ஆகியவற்றை உணரும் புலன் பயிற்சிகள். அவற்றின்மேல் எழுத்தும் எண்ணும்.

அவர் எழுதிய நிகழ்ச்சி ஒன்று என் நெஞ்சில் நிலைத்தது. ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்தக் கற்றுக்கொடுத்தார். கைக்குட்டையால் ஓசையின்றி எப்படித் துடைப்பது என்று செய்து காட்டினார். குழந்தைகள் கைதட்டி ஆரவாரம் செய்தனர். ஏன்? மூக்கு ஒழுகுகிறது என்று அதுவரை எல்லாரும் அவர்களைத் திட்டியிருந்தனர். எப்படித் துடைப்பது என்று ஒருவரும் கற்றுத் தரவில்லை. ஏழைக் குழந்தையின் மானத்தைக் காத்த பாடம் அது.

எழுத்து எப்படி நுழைந்தது என்பதும் அறியத்தக்கது. படிக்கத் தெரியாத அந்தப் பெற்றோரே அம்மையாரிடம் வந்து, தங்கள் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருமாறு வேண்டினர். அவர் அவ்விருப்பத்தை எள்ளவில்லை. உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை அந்தச் சொரசொரப்பின்மேல் விரலை ஓட்டி, ஒலியைச் சொன்னது. சில மாதங்களில், நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே எழுதத் தொடங்கினர். நம் திண்ணையில் மணலில் ஊன்றிய விரலும், உப்புத்தாளின்மேல் ஓடிய விரலும் உறவினர் அல்லவா?

இதை எண்ணும்போது, என் அலுவலகத்திற்கு வந்த அந்தத் தந்தையை நான் குறைகூற முடியவில்லை. சான் லொரென்சோவின் பெற்றோர் கேட்டதைத்தான் அவரும் கேட்டார். அவரது ஆசை நியாயமானது. அந்த ஆசைக்கு நாம் அளித்த விடைதான் பிழையானது.

அடையாறு வந்த அம்மையார்

1939 நவம்பரில், தம் 69-ஆம் வயதில், மாண்டிசோரி அம்மையார் சென்னையில் வந்திறங்கினார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்றே வந்தார். அடையாற்றில் ஓலைக் குடிசைகளின் நிழலில் நடந்த முதல் பயிற்சிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் வந்தனர்.

சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று வந்தவரைப் போர் தடுத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், அம்மையாரின் மகன் மாரியோ பகைநாட்டவர் என்று அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மணமாகாத தாய்க்குப் பிறந்து, தொலைவில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தவர் மாரியோ. உலகின் குழந்தைகளையெல்லாம் நோக்கிய அத்தாய், தம் சொந்த மகனின் மழலைப் பருவத்தை அருகிருந்து காணவில்லை. 1940 ஆகஸ்டு 31, அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளன்று, மகனை விடுவிப்பதாக அரசப் பிரதிநிதியிடமிருந்து செய்தி வந்தது. உறவினர் என்றே பலரிடம் அறிமுகப்படுத்தப்பட்டு வந்தவர், அச்செய்தியில் மகன் என்று குறிப்பிடப்பட்டார். நம் மண்ணில் நிகழ்ந்த ஒப்புரவு இது.

பின்னர்க் கொடைக்கானலில் சில ஆண்டுகள், 1946-இல் ஐரோப்பா, 1947-இல் மீண்டும் இந்தியா, 1949-இல் இறுதி விடை. தாயின் மடியிலும் இடுப்பிலும் எந்நேரமும் இருந்து, கூட்டத்தின் நடுவே மொழியைப் பருகி வளரும் இந்தியக் குழந்தைகளை அவர் இங்கே கண்டார். குழந்தையின் உள்ளம் சூழலைப் பஞ்சுபோல் உறிஞ்சுகிறது என்ற அவரது கருத்து இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளில் முதிர்ந்தது. 1949-இல் அடையாற்றிலேயே நூலாக வெளிவந்தது.

பிரம்மஞான சபையின் விருந்தினராயிற்றே என்று தயங்கும் வாசகர்களுக்கு ஒரு சொல். அம்மையார் கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். 1952 மே 6 அன்று மறைந்து, நெதர்லாந்தின் நோர்ட்வைக்கில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். அதற்கு நெடுங்காலம் முன்பே பார்சலோனாவில் குழந்தைகளுக்கென்று சிறு ஆலயம் அமைத்து, அவர்களைக் கோதுமையும் திராட்சையும் பயிரிடச் செய்து, அப்பத்திற்கும் இரசத்திற்கும் வழிகாட்டியவர் அவர். மறைக்கல்வி விதைப்பதிலிருந்து தொடங்கலாம் என்பதை நமக்குக் காட்டியவர்.

பிரிந்த இரு பாதைகள்

அடையாற்றிலிருந்து பெரம்பூருக்கு வழி இல்லாமல் இல்லை. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரிடையே பிறந்தபோது, அதற்குத் தலைமை ஏற்ற பி.பி.வாடியா அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவரே, திரு.வி.க. அவருக்குத் துணை நின்றார். ஆனால் 1939-இல் வந்த கல்வி முறை அதே வேகத்தில் வடசென்னைக்கு வரவில்லை. மரக்கருவிகளுக்கும் பயிற்சிக்கும் பணம் வேண்டியிருந்தது. ரயிலடியின் ஏழைக் குழந்தைகளிடமிருந்து பிறந்த முறை, நம் நாட்டில் கட்டணம் செலுத்த இயன்றவர்களின் முறையாக மாறிற்று. பின்னர் அதன் பெயர் மட்டுமே எஞ்சி, பெயர்ப் பலகையில் 'மாண்டிசோரி', உள்ளே சிலேட்டும் வீட்டுப்பாடமும் என்ற நிலையும் பல இடங்களில் வந்தது.

மற்றொரு பாதையும் இருந்தது. குஜராத்தின் பாவ்நகரில் வழக்கறிஞர் கிஜுபாய் பதேகா, மாண்டிசோரியின் எழுத்துகளைப் படித்து மனம் மாறி, 1920-இல் பாலர் பள்ளி தொடங்கினார். அவரோடு இணைந்த தாராபாய் மோடக், தாம் அதுவரை செய்த பணி பெரிதும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே பயன்பட்டது என்று உணர்ந்தார். 1945-இல் மராட்டியக் கடற்கரையின் போர்டி கிராமத்தில் பால்வாடி தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதில் விதை, கூழாங்கல், இலை, குச்சி ஆகியவற்றைக் கைக்கொண்டார். பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்திற்குக் கொண்டுபோனார். முற்றத்தில் நடந்த பள்ளி, எனவே அங்கன்வாடி.

1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தச் சொல்லையே தன் மையங்களுக்குச் சூட்டிக்கொண்டது. தமிழகத்திலோ அதற்கு ஏற்ற மண் முன்பே பண்பட்டிருந்தது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கியது. 1956-இல் காமராசர் மதிய உணவைப் பரவலாக்கினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி செல்லாத இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் அமர்த்தியது. இன்று தமிழகத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. சான் லொரென்சோவிலிருந்து புறப்பட்ட குழந்தைகள் இல்லம், பாவ்நகரும் போர்டியும் கடந்து, 'பால்வாடி' என்ற பெயரோடு பெரம்பூரின் சந்துகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. நாம்தான் அதை அடையாளம் காணவில்லை. சோறு போடும் இடம் என்று எண்ணிக் கடந்து போகிறோம்.

திட்டமிடுதல் என்பது யாது?

2013-இல் மைய அரசு முன்பருவக் கல்விக்கெனத் தேசியக் கொள்கை வகுத்தது. அதையொட்டித் தமிழக அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் உருவானது. பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை ஆகியவற்றின் வழியே மொழியும் எண்ணும் வளர்வதே அதன் போக்கு. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 'எல்.கே.ஜி.' என்ற பெயருக்குப் பெற்றோர் மனத்தில் உள்ள மதிப்பை அரசும் அறிந்திருந்தது.

பாடத்திட்டம் வகுப்போர் இரு வழிகளில் ஒன்றைத் தேர்கிறார்கள். முதலாம் வகுப்பில் கேட்கப்போவதை யு.கே.ஜி.க்கும், யு.கே.ஜி.யில் கேட்கப்போவதை எல்.கே.ஜி.க்கும் இறக்கி வைப்பது ஒரு வழி. இதில் மூன்று வயது என்பது ஆறு வயதுக்கான காத்திருப்பு அறை. குழந்தையிடமிருந்து தொடங்கி மேலே ஏறுவது மற்றொரு வழி. விரல் உறுதிப்பட்ட பின் பென்சில்; காது ஒலிகளைப் பிரித்தறிந்த பின் எழுத்து; புளியங்கொட்டையை எண்ணிப் பழகிய பின் எண். தாய்மொழியில் கதை கேட்டு, கேள்வி கேட்டு, சிரித்துப் பழகிய குழந்தைக்கு வேற்றுமொழி பின்னர் எளிதாகும். எறும்பைப் பார்க்க நேரம் தருவதும் இந்தத் திட்டத்தில் ஒரு பாடவேளைதான்.

1993-இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, மழலையர் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று பரிந்துரைத்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அத்தகைய வடிகட்டலைத் தடை செய்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நம் உரிமையைக் காத்த தீர்ப்பு என்று அன்று மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் நம்மை நாமே கேட்டிருக்க வேண்டும்: சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தாத இடத்தில் நற்செய்தி நம்மைக் கட்டாயப்படுத்தவில்லையா? கத்தோலிக்கக் கல்வி முதன்மையாக ஏழைகளை நாட வேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் கல்வி ஏட்டில் கேட்டுக்கொண்டது. குழந்தைகளை அழைத்து வந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது, ஆண்டவர் சினம் கொண்டது சீடர்கள்மேல்தான். வாசலில் நின்று அதட்டியவர்கள் வேற்றார் அல்லர். அவருடைய சொந்தப் பணியாளர்களே. பெருக்கல் குறியிட்ட என் பேனாவை நினைக்கும்போதெல்லாம் அந்தப் பகுதி எனக்குத் தீர்ப்பாக ஒலிக்கிறது.

எனவே, பொதுநிலையினரான உங்களிடம் இரண்டை வேண்டுகிறேன். முதலாவது, உங்கள் பிள்ளைக்கு மழலையர் வகுப்புத் தேடும்போது, "எத்தனை பக்கம் எழுத வைப்பீர்கள்?" என்று கேளாதீர்கள், "பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள்? எத்தனை கதை கேட்கிறார்கள்?" என்று கேளுங்கள். பெற்றோர் கேட்பதையே பள்ளிகள் தரும். இரண்டாவது, உங்கள் தெருவின் அங்கன்வாடிக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். அங்குள்ள ஆசிரியை தனியொருவராய் இருபது, முப்பது குழந்தைகளோடு பாடிக்கொண்டிருப்பார். பழைய துணியில் தைத்த பொம்மையோ, ஒரு கூடைப் புளியங்கொட்டையோ, வாரம் ஒருமுறை கதை சொல்ல ஒரு பாட்டியோ நம் அன்பியங்களிலிருந்து அங்கே போகலாமே. பங்கின் கட்டடங்களுக்கு வெளியேயும் ஆண்டவரின் குழந்தைகள் உண்டு.

சில ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தந்தையைப் பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலத் திருவிழாவில் கண்டேன். கூட்ட நெரிசலில் மகளைத் தோளில் சுமந்து நின்றார். "பாப்பா இப்ப நல்லாப் படிக்குதா?" என்று கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். "பாப்பா, இப்பவும் எறும்பு பார்க்குறியா?" என்று கேட்டேன். தோளின்மேலிருந்து குழந்தை, அது தன் வீட்டுச் சுவரில் எந்த ஓட்டைக்குள் போகிறது, எதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று சொல்லத் தொடங்கியது. தேர் வந்து எங்களைக் கடந்து போகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தது. அதன் தந்தையும் நானும் கேட்டுக்கொண்டு நின்றோம்.